குவோ மொருவோ

குவோ மொருவோ (நவம்பர் 16, 1892 – ஜூன் 12, 1978) சீனக் கவிஞர், நாடக ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், வரலாற்றாய்வாளர், தொல்லெழுத்து அறிஞர், அரசியல்வாதி. நவீன சீனப் புதுக்கவிதையின் தொடக்கக்காரர்களில் ஒருவர். சீனாவின் மிகப் பழைய எழுத்துகளான எலும்பு எழுத்துகளையும் வெண்கலக் கலன்களில் பொறிக்கப்பட்ட எழுத்துகளையும் ஆராய்ந்தவர். 1949-ல் மக்கள் சீனக் குடியரசு அமைந்தபின் சீன அறிவியல் கழகத்தின் முதல் தலைவராகி, இறக்கும்வரை 29 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். இருபதாம் நூற்றாண்டுச் சீனாவில் அறிவுக்கும் அதிகாரத்துக்கும் இடையே இருந்த உறவைப் புரிந்துகொள்ள அவரது வாழ்க்கை முக்கியமான சான்றாகக் கருதப்படுகிறது.

பிறப்பு, இளமை

சீனாவின் தென்மேற்கில் உள்ள சிச்சுவான் மாகாணத்தில், லெஷான் நகரை அடுத்த ஷாவான் என்னும் ஆற்றங்கரை ஊரில் குவோ பிறந்தார். இயற்பெயர் குவோ கைஜென். அவரது முன்னோர் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த ஹக்கா இனத்தவர். தந்தை வணிகர், நிலவுடைமையாளர். தாய் சிறுவயதிலேயே அவருக்குப் பழைய கவிதைகளை மனப்பாடமாகக் கற்பித்தார். பின்னாளில் கவிதை எழுதத் தொடங்கியபோது, தன் ஊர்ப்பக்கத்து ஆறுகள் இரண்டின் பழைய பெயர்களான 'மோ', 'ருவோ' என்பவற்றை இணைத்து 'மொருவோ' என்னும் புனைபெயரை அமைத்துக்கொண்டார்.

வீட்டில் மரபுக் கல்வி பெற்றவர், அடுத்துப் புதிய முறைப் பள்ளிகளில் பயின்றார். பள்ளி நிர்வாகத்துக்கு எதிரான மாணவர் போராட்டங்களில் கலந்துகொண்டதால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வெளியேற்றப்பட்டார். பதின்வயதில் கண்ட டைபாய்டு காய்ச்சல் அவரது கேட்கும் திறனைக் குறைத்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் நீடித்த இக்குறை அவரது தொழிலையும் தீர்மானித்தது.

1912-ல் பெற்றோர் அவருக்கு ஜாங் ஜிங்ஹுவா என்னும் பெண்ணை மணம் செய்துவைத்தனர். மணமகளை அவர் முதன்முதலில் கண்டதே திருமணத்தன்றுதான். சில நாட்களில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். மணவிலக்கு நிகழவில்லை. ஜாங் ஜிங்ஹுவா கணவர் வீட்டிலேயே மாமனார் மாமியாரைப் பராமரித்து வாழ்ந்து, 1980-ல் மறைந்தார். அந்த மணவாழ்க்கை பெயரளவில் 60 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது.

ஜப்பானில் மருத்துவக் கல்வி

1914-ன் தொடக்கத்தில் குவோ ஜப்பானுக்குச் சென்றார். டோக்கியோவிலும் ஒகயாமாவிலும் உயர்நிலைக் கல்வி பெற்று, 1918-ல் ஃபுகுவோகாவில் உள்ள கியூஷு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அக்காலச் சீன இளைஞர்களுக்கு மருத்துவம் நாட்டை மீட்கும் வழிகளில் ஒன்றாகத் தோன்றியது. அவருக்கு முன் லூ சுன்னும் இதே எண்ணத்துடன் ஜப்பானில் மருத்துவம் படிக்கச் சென்று பாதியில் விட்டவர். குவோ 1923-ல் பட்டம் பெற்றார். ஆனால் காது சரியாகக் கேளாத நிலையில் இதய ஒலியைக் கேட்டு நோய் அறிவது இயலாது என்பதால் ஒருநாளும் மருத்துவத் தொழில் செய்யவில்லை.

மருத்துவப் படிப்புக்காகக் கற்ற ஜெர்மன் மொழி அவரை கெதேயிடம் கொண்டுசென்றது. ஆங்கிலம் வழியாக வால்ட் விட்மனையும் ரவீந்திரநாத் தாகூரையும் வாசித்தார். தாகூரின் எளிய உரைநடைக் கவிதைகள் அவருக்குப் பெரும் திறப்பாக அமைந்தன. அவற்றைச் சீனத்தில் மொழிபெயர்த்து வெளியிட முயன்றபோது பதிப்பாளர் கிடைக்கவில்லை. ஆனால் 1923-ல், தாகூர் சீனாவுக்கு வரவிருந்த வேளையில், அவரது ஆன்மிக நோக்கு அன்றைய சீனாவுக்குப் பயன்படாது என்று விமர்சித்து எழுதியவர்களுள் குவோவும் ஒருவர். முன்பு தான் விரும்பியதையே சில ஆண்டுகளில் கடுமையாக மறுக்கும் இப்போக்கு அவர் வாழ்க்கையில் பலமுறை காணப்படுகிறது.

1916-ல் டோக்கியோவில் சாதோ தோமிகோ என்னும் ஜப்பானியச் செவிலியரைச் சந்தித்தார். குவோ அவரை 'அன்னா' என்று அழைத்தார். இருவரும் இணைந்து வாழ்ந்தனர். ஐந்து குழந்தைகள் பிறந்தனர்.

கவிதைகள், படைப்புச் சங்கம்

1919-ல் சீனாவில் மே நான்கு இயக்கம் எழுந்தது. முதல் உலகப்போருக்குப் பிந்தைய வெர்சாய் மாநாடு, ஷான்டோங் பகுதியில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை ஜப்பானுக்கு அளித்ததை எதிர்த்து பெய்ஜிங் மாணவர்கள் நடத்திய போராட்டம் அது. மரபான செம்மொழி நடையைக் கைவிட்டுப் பேச்சுமொழியில் எழுதவேண்டும் என்னும் இலக்கிய இயக்கமும் அதனுடன் வலுப்பெற்றது. அவ்வாண்டு முதல் குவோவின் கவிதைகள் ஷாங்காய் நாளிதழ் ஒன்றின் இலக்கிய இணைப்பில் வெளியாயின. 1921 ஆகஸ்டில் அவை 'தேவியர்' என்னும் தொகுப்பாக வந்தன. அதற்கு முன்னரே ஹூ ஷி புதுக்கவிதைத் தொகுப்பு வெளியிட்டிருந்தார். ஆனால் யாப்பிலிருந்து முற்றிலும் விடுபட்ட கவிதையின் வேகத்தைச் சீன வாசகர்கள் உணர்ந்தது 'தேவியர்' வழியாகவே என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். தன்னைத் தானே எரித்துக்கொண்டு மீண்டும் பிறக்கும் பறவையைப் பாடும் நெடுங்கவிதை அத்தொகுப்பில் புகழ்பெற்றது. பழைய சீனா அழிந்து புதிய சீனா பிறப்பதன் உருவகமாக அது வாசிக்கப்பட்டது.

1921-ல் யூ தாஃபூ, செங் ஃபாங்வூ, தியான் ஹான் முதலிய நண்பர்களுடன் சேர்ந்து 'படைப்புச் சங்கம்' என்னும் இலக்கிய அமைப்பை டோக்கியோவில் தொடங்கினார். 1922-ல் கெதேயின் 'இளம் வெர்தரின் துயரங்கள்' நாவலை மொழிபெயர்த்தார். பெற்றோர் ஏற்பாடு செய்த திருமணங்களால் நொந்திருந்த தலைமுறை அந்த நூலை விரும்பி வாசித்தது. கெதேயின் 'ஃபாவுஸ்ட்' நாடகத்தின் முதல் பகுதியை 1928-லும் இரண்டாம் பகுதியை 1947-லும் வெளியிட்டார்.

1924-ல் ஜப்பானிய மார்க்சிய அறிஞர் கவாகாமி ஹாஜிமேயின் நூல் ஒன்றை மொழிபெயர்த்தது அவரது சிந்தனையில் திருப்பமாக அமைந்தது. தனிமனித எழுச்சியைப் பாடிய கவிஞர் அதன்பின் புரட்சி இலக்கியத்தை வலியுறுத்தத் தொடங்கினார்.

புரட்சியும் தலைமறைவும்

1926-ல் குவாங்சோவில் குவாங்டோங் பல்கலைக்கழகக் கலைப்பிரிவின் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்போது தேசியக் கட்சியான குவோமின்டாங்கும் கம்யூனிஸ்ட் கட்சியும் கூட்டணியில் இருந்தன. போர்த்தலைவர்களின் ஆதிக்கத்தை ஒழிக்க அவ்வாண்டு தொடங்கிய வடக்குப் படையெடுப்பில் சேர்ந்து, படையின் அரசியல் துறைத் துணைத்தலைவராக உயர்ந்தார்.

1927-ல் கூட்டணி உடைந்தது. தளபதி சியாங் கை-ஷேக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் திரும்பிய வேளையில், அவரைப் பெயர் சுட்டிக் கண்டித்து மார்ச் இறுதியில் குவோ ஒரு கட்டுரை எழுதினார். ஷாங்காய் படுகொலை அடுத்த மாதம் நிகழ்ந்தது. குவோவைக் கைதுசெய்ய ஆணை பிறந்தது. ஆகஸ்டில் நான்சாங் கிளர்ச்சியில் இணைந்து கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கிளர்ச்சி தோல்வியடைந்தபின், 1928 பிப்ரவரியில் குடும்பத்துடன் ஜப்பானுக்குத் தப்பினார்.

தொல்லெழுத்து ஆய்வு

டோக்கியோவை அடுத்த இச்சிகாவா நகரில் குவோ பத்தாண்டுகள் வாழ்ந்தார். ஜப்பானியக் காவல்துறையின் கண்காணிப்பு இருந்தது, நிலையான வருமானம் இல்லை. அரசியல் செயல்பாடு இயலாத அந்நிலையில் அவர் பண்டைய சீன வரலாற்றுக்குத் திரும்பினார். அவரது அறிவுலகச் சாதனைகளில் பெரும்பகுதி இந்தத் தலைமறைவுக் காலத்தைச் சேர்ந்தது.

பண்டைய ஷாங் அரசர்கள் போர், வேட்டை, மழை, மகப்பேறு போன்றவற்றைப் பற்றி முன்னோரிடம் குறி கேட்டனர். ஆமையின் அடியோட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் குழிகள் வெட்டிச் சூடுகாட்டி, அதில் தோன்றும் வெடிப்பைக் கொண்டு பலன் கண்டனர். கேட்ட கேள்வியை அந்த எலும்பிலேயே பொறித்தும் வைத்தனர். 1899-ல் இவை எழுத்துகள் என்று அடையாளம் காணப்பட்டன. 1928 முதல் ஆன்யாங்கில் முறையான அகழாய்வு நடைபெற்றது.

குவோ டோக்கியோவின் 'தோயோ புன்கோ' நூலகத்தில் இருந்த எலும்பு எழுத்து நூல்களைப் படித்து, எழுத்துகளை இனங்காணக் கற்றார். 1930-ல் 'பண்டைய சீனச் சமூக ஆய்வு', 1931-ல் 'எலும்பு எழுத்து ஆய்வு', 1932-ல் சோ அரசமரபு கால வெண்கலக் கலன்களின் பொறிப்புகளைப் பற்றிய பெருநூல், 1933-ல் எலும்புப் பொறிப்புகளின் விரிவான தொகுப்பு என்று நூல்கள் தொடர்ந்து வந்தன.

வெண்கலக் கலன்களின் காலத்தைக் கணிப்பதில் அவர் கையாண்ட முறை சிறப்பானது. பொறிப்பிலேயே அரசர் பெயரோ நிகழ்ச்சியோ குறிப்பிடப்பட்டிருக்கும் கலன்களை முதலில் அளவுகோல்களாக நிறுத்தினார். மற்ற கலன்களை வடிவம், அலங்காரம், எழுத்துமுறை, குறிப்பிடப்படும் மனிதர்கள் ஆகியவற்றைக் கொண்டு அவற்றுடன் ஒப்பிட்டுக் காலவரிசைப்படுத்தினார். அதுவரை பழம்பொருள் சேகரிப்பாளர்களின் ஆர்வப்பொருட்களாக இருந்தவை இதனால் வரலாற்று ஆவணங்களாயின. பின்வந்த ஆய்வாளர்கள் அவரது முடிவுகள் பலவற்றைத் திருத்தினாலும் முறையைப் பின்பற்றினர்.

எலும்பு எழுத்து ஆய்வின் முன்னோடிகளாக லுவோ ஜென்யூ, வாங் குவோவெய், துங் சுவோபின், குவோ மொருவோ ஆகிய நால்வரைச் சீன அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர். நால்வரின் சிறப்புப்பெயர்களும் கூடம் எனப் பொருள்படும் 'தாங்' என்னும் சொல்லில் முடிவதால், 'நான்கு தாங்' என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். 1948-ல் குவோமின்டாங் அரசின் மத்திய ஆய்வுக்கழகம் முதல் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தபோது, அரசியல் எதிரியான குவோவின் பெயரும் பட்டியலில் இடம்பெற்றது. அவரது புலமைக்கு மாற்றுத்தரப்பு அளித்த மதிப்பு அது.

பண்டைய சீனாவை மார்க்சிய நோக்கில் விளக்கியதிலும் குவோ முன்னோடி. அடிமைச் சமூகம், நிலவுடைமைச் சமூகம் என்னும் படிநிலைகள் சீன வரலாற்றிலும் இருந்தன என்று வாதிட்டார். இவ்விரண்டுக்கும் இடையேயான எல்லை எது என்பதில் தன் கருத்தை அவரே பலமுறை மாற்றினார். ஐரோப்பிய வரலாற்றிலிருந்து பெற்ற சட்டகத்தைச் சீனச் சான்றுகள்மீது வலிந்து பொருத்தினார் என்பது இதன்மீதான முதன்மை விமர்சனம்.

போர்க்காலம்

1937 ஜூலை 7-ல் மார்கோ போலோ பால நிகழ்ச்சியுடன் சீன–ஜப்பான் போர் வெடித்தது. அம்மாதம் 25-ஆம் நாள் குவோ, ஜப்பானியக் காவலர் கண்ணில் படாமல் தனியே புறப்பட்டுச் சீனா சேர்ந்தார். சாதோ தோமிகோவும் குழந்தைகளும் ஜப்பானிலேயே இருக்க நேர்ந்தது. சீனரின் மனைவி என்பதால் தோமிகோ காவல்துறையின் விசாரணைக்கும் தடுப்புக்காவலுக்கும் உள்ளானார். போர்க்காலம் முழுவதும் குழந்தைகளைத் தனியாக வளர்த்தார். குவோ சீனாவில் யூ லிச்சுன் என்பவருடன் புதிய குடும்பம் அமைத்துக்கொண்டார். 1948-ல் கணவரைத் தேடிக் குழந்தைகளுடன் ஹாங்காங் வந்த தோமிகோ அதை நேரில் அறிந்தார். பின்னர் சீனக் குடியுரிமை பெற்று 'குவோ அன்னா' என்ற பெயருடன் தாலியன் நகரில் வாழ்ந்து, 1994-ல் மறைந்தார்.

ஜப்பானுக்கு எதிராகக் குவோமின்டாங்கும் கம்யூனிஸ்டுகளும் மீண்டும் கைகோத்திருந்தனர். 1938-ல் குவோ வூஹானில் அரசின் போர்ப் பிரச்சாரத்துக்குப் பொறுப்பான மூன்றாம் பிரிவின் தலைவரானார். போர்க்காலத் தலைநகரான சோங்சிங்கில் அவர் எழுதிய வரலாற்று நாடகங்களில் 'சூ யுவான்' முதன்மையானது. 1942 ஜனவரியில் பத்து நாட்களில் அதை எழுதினார். ஏப்ரலில் அரங்கேறியது. பண்டைய சூ நாட்டில் அரசருக்கு உண்மையைச் சொன்னதால் பழிசுமத்தப்பட்டு நாடுகடத்தப்பட்ட கவிஞர் சூ யுவானின் கதை அது. அதற்கு முந்தைய ஆண்டு குவோமின்டாங் படைகள் கம்யூனிஸ்டுகளின் புதிய நான்காம் படையைத் தாக்கியிருந்தன. பத்திரிகைகளில் எழுதமுடியாத கண்டனத்தை மேடையில் கேட்டதாகப் பார்வையாளர்கள் உணர்ந்தனர்.

1944-ல் 'ஜியாஷென் ஆண்டின் முந்நூறாம் நினைவு' என்னும் நீண்ட கட்டுரையை வெளியிட்டார். 1644-ல் உழவர் கிளர்ச்சித் தலைவர் லீ ஜிசெங் பெய்ஜிங்கைக் கைப்பற்றி மிங் அரசமரபை வீழ்த்தினார். ஆனால் சில வாரங்களில் மஞ்சுப் படைகளிடம் அனைத்தையும் இழந்தார். வெற்றியின் செருக்கும் தலைவர்களின் ஊழலுமே அந்தத் தோல்விக்குக் காரணம் என்று குவோ காட்டினார். யெனானில் இருந்த மா சே துங் அதைக் கட்சியினர் அனைவரும் படிக்கவேண்டிய ஆவணமாக்கினார்.

1948-ல் ஹாங்காங்கில் எழுதிய மற்றொரு கட்டுரை வேறுவகை விளைவை ஏற்படுத்தியது. எழுத்தாளர்களை நிறங்களால் வகைப்படுத்தி, நாவலாசிரியர் ஷென் சுங்வென், அழகியல் அறிஞர் ஜூ குவாங்சியன், இதழாளர் சியாவோ சியன் முதலியோரைப் பிற்போக்காளர்கள் என்று அதில் தாக்கினார். ஆட்சிமாற்றத்தின் வேளையில் அச்சத்துக்கும் மனச்சிதைவுக்கும் உள்ளான ஷென் சுங்வென் 1949-ல் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டார். அதன்பின் புனைகதை எழுதுவதைக் கைவிட்டு, அருங்காட்சியகப் பணியாளராகப் பண்டைய ஆடைகளை ஆராய்ந்து வாழ்ந்தார்.

அரசுப் பதவிகள்

1949 அக்டோபரில் மக்கள் சீனக் குடியரசு அமைந்தபோது குவோ துணைப்பிரதமர்களில் ஒருவராகவும் பண்பாடு, கல்விக் குழுவின் தலைவராகவும் பதவியேற்றார். நவம்பர் 1-ல் சீன அறிவியல் கழகம் தொடங்கப்பட்டு அவர் தலைமையில் இயங்கியது. அனைத்துச் சீன இலக்கிய, கலைக் கூட்டமைப்பின் தலைமையும் அவரிடமே இருந்தது. 1954 முதல் தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழுத் துணைத்தலைவராக இருந்தார். உலக அமைதி இயக்கத்தில் பங்காற்றியதற்காக 1951-ஆம் ஆண்டுக்கான ஸ்டாலின் அமைதிப் பரிசு வழங்கப்பட்டது. 1958-ல் பெய்ஜிங்கில் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். அதன் பாடலையும் அவரே எழுதினார்.

1955-ல் மிங் பேரரசர் ஒருவரின் கல்லறையை அகழ அனுமதி கோரி அரசுக்கு விண்ணப்பித்தவர்களில் வரலாற்றாசிரியர் வூ ஹானுடன் குவோவும் இருந்தார். அதன்படி வான்லி பேரரசரின் திங்லிங் கல்லறை 1956 முதல் 1958 வரை அகழப்பட்டது. தங்க முடிகளும் பட்டுத்துணிகளும் கிடைத்தன. ஆனால் பாதுகாக்கும் தொழில்நுட்பம் போதாததால் பட்டுகள் நிறமிழந்து நொறுங்கின. 1966-ல் செங்காவலர்கள் பேரரசர், பேரரசியரின் எலும்புகளை எரித்தனர். தாங் பேரரசி வூ ஜெத்தியானின் கல்லறையையும் திறக்கவேண்டும் என்று குவோ வற்புறுத்தியபோது பிரதமர் சூ என்லாய் இசையவில்லை. பேரரசர் கல்லறைகளைத் தாமாக அகழ்வதில்லை என்னும் சீன அரசின் கொள்கைக்குத் திங்லிங் அனுபவமே அடிப்படையானது.

1949-க்குப் பிந்தைய அவரது கவிதைகளில் பெரும்பகுதி அரசு நிகழ்ச்சிகளையும் தலைவர்களையும் போற்றுபவை. பெரும் பாய்ச்சல் காலத்தில் நாட்டுப்புறப் பாடல்கள் என்ற பெயரில் திரட்டப்பட்ட புகழ்ப்பாடல்களை சோ யாங்குடன் சேர்ந்து 'செங்கொடிப் பாடல்கள்' என்று 1959-ல் தொகுத்தார். எனினும் 'சாய் வென்ஜி' (1959), 'வூ ஜெத்தியான்' (1960) ஆகிய நாடகங்கள் இக்காலத்தவை. முன்னது இன்றும் மேடையேறுகிறது.

பண்பாட்டுப் புரட்சி

1966 ஏப்ரல் 14-ல், தேசிய மக்கள் பேரவை நிலைக்குழுக் கூட்டத்தில் பேசிய குவோ, இன்றைய அளவுகோலின்படி தான் இதுவரை எழுதியவை அனைத்தும் எரிக்கப்படவேண்டியவை, அவற்றுக்கு மதிப்பேதும் இல்லை என்று அறிவித்தார். உரை நாளிதழ்களில் வெளியாகி வெளிநாடுகளிலும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. சில வாரங்களில் பண்பாட்டுப் புரட்சி முறைப்படி தொடங்கியது. அவரது நண்பர்கள் பலர் தாக்கப்பட்டனர். கல்லறை அகழ்வில் உடனிருந்த வூ ஹான் 1969-ல் சிறையில் இறந்தார். பாதுகாக்கப்படவேண்டியவர்கள் பட்டியலில் இருந்ததால் குவோவுக்குப் பெரிய தீங்கு நேரவில்லை.

அப்பாதுகாப்பு அவரது குடும்பத்தைக் காக்கவில்லை. யூ லிச்சுன் வழிப் பிறந்த மகன் மின்யிங் 1967 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். மற்றொரு மகன் ஷியிங், தான் படித்த பெய்ஜிங் வேளாண் பல்கலைக்கழகத்தில் செங்காவலர்களால் அடைத்துவைக்கப்பட்டு வதைக்கப்பட்டார். 1968 ஏப்ரல் 22-ல் அக்கட்டடத்தின் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அப்போது குவோ தேசிய மக்கள் பேரவையின் துணைத்தலைவர். பொதுவெளியில் அவர் எதுவும் சொல்லவில்லை. இறந்த மகனின் நாட்குறிப்புகளைத் தூரிகையால் தன் கைப்பட நகலெடுத்து வைத்துக்கொண்டார்.

1971-ல் வெளிவந்த 'லீ பாயும் தூ ஃபூவும்' என்னும் நூலில், சீனர்கள் மக்கள் கவிஞராகப் போற்றிய தூ ஃபூவை நிலவுடைமை மனநிலை கொண்டவர் என்று தாழ்த்தி, லீ பாயை உயர்த்தினார். மா சே துங்கின் விருப்பக் கவிஞர் லீ பாய் என்பதால் இது அதிகாரத்துக்கு உகந்த மதிப்பீடு என்று விமர்சிக்கப்பட்டது. ஆயினும் 1974-ல் கன்பூசியஸ் எதிர்ப்பு இயக்கம் தொடங்கியபோது, குவோ 1945-ல் கன்பூசியஸைப் பாராட்டி எழுதியது குற்றமாக எடுக்கப்பட்டது. ஜனவரி 25-ல் நடந்த பெருங்கூட்டத்தில் மாவோவின் மனைவி ஜியாங் சிங் 81 வயதான அவரைப் பெயர் சொல்லி எழுந்து நிற்கச் செய்தார்.

மறைவு

1976-ல் மா சே துங் மறைந்தபின் பண்பாட்டுப் புரட்சி முடிவுக்கு வந்தது. 1978 மார்ச்சில் பெய்ஜிங்கில் கூடிய தேசிய அறிவியல் மாநாட்டில், நோயுற்றிருந்த குவோவின் 'அறிவியலின் வசந்தம்' என்னும் உரை வேறொருவரால் வாசிக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் இழிவுபடுத்தப்பட்டிருந்த அறிவியலாளர்களுக்கு அது புதிய தொடக்கத்தின் அறிவிப்பாக இருந்தது. அவ்வாண்டு ஜூன் 12-ல் பெய்ஜிங்கில் காலமானார். அவரது விருப்பப்படி அஸ்தி ஷான்சி மாகாணத்தின் தாஜாய் கிராம வயல்களில் தூவப்பட்டது. அவர் வாழ்ந்த பெய்ஜிங் இல்லம் 1988 முதல் நினைவு அருங்காட்சியகமாக உள்ளது.

மதிப்பீடு

குவோவின் முழுத்தொகுப்பு இலக்கியம் 20, வரலாறு 8, தொல்லியல் 10 என 38 தொகுதிகள் கொண்டது. அவர் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து ஹு ஹௌசுவான் முன்னின்று முடித்த எலும்பு எழுத்துப் பெருந்தொகுப்பு 1978 முதல் 1982 வரை 13 தொகுதிகளாக வெளிவந்தது. 41,956 பொறிப்புகளைக் கொண்ட அது இன்றும் அத்துறையின் அடிப்படை நூல்.

அவரைப் பற்றிய மதிப்பீடுகள் இரு எதிர்நிலைகளில் உள்ளன. சீன அரசு அவரை லூ சுன்னுக்கு அடுத்த பண்பாட்டுத் தலைவராக முன்வைத்தது. 1980-களுக்குப் பின் வந்த தலைமுறை அவரை அதிகாரத்துக்குப் பணிந்த அறிஞரின் அடையாளமாகக் கண்டது. இரண்டு தரப்புக்கும் அவர் வாழ்விலேயே சான்றுகள் உள்ளன. 1927-ல் ஆயுதபலம் கொண்ட தளபதியைப் பெயர் சொல்லிக் கண்டித்தவரும், 1966-ல் தன் நூல்களை எரிக்கலாம் என்றவரும் ஒருவரே. முந்தைய காலத்தில் எதிர்ப்பதற்கு வெளியே ஓர் இடம் இருந்தது. ஜப்பானுக்குத் தப்பவும், அங்கே நூலகத்தில் அமர்ந்து எழுதவும் முடிந்தது. பிந்தைய காலத்தில் அவரே அரசின் பகுதியாகிவிட்டிருந்தார். வெளியேற இடமில்லை.

ஆயினும் அதே காலத்தில் மௌனமாக இருந்தவர்களும் உண்டு என்பதையும், 1948-ல் எந்த நெருக்கடியும் இல்லாத நிலையில் அவர் சக எழுத்தாளர்களைத் தாக்கியதையும் விமர்சகர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். அரசரிடம் உண்மை சொல்லி அழிந்த கவிஞரைப் பற்றி எழுதிய அவரது நாடகம், அவரது பிற்கால வாழ்க்கையை அளப்பதற்கான அளவுகோலாகவும் இன்று வாசிக்கப்படுகிறது.